முதல்ல நீங்க ஓட்டுங்க

மணிக்கட்டில் வலி இல்லாதவன் கட்டுப் போட்டுக்கொண்டால், எந்தக் கையில் போட்டோம் என்பதையாவது ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். புயலுக்கு அது மறந்துவிட்டது.

"நேத்து வலது கையில இல்ல கட்டு இருந்துச்சு?" என்றார் பத்திரிகை ஆசிரியர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி.

புயல் தன் இடது கையைப் பார்த்தான். காலையில் அவசரத்தில் சுற்றிய துணி அங்கேதான் இருந்தது, மிகவும் நேர்த்தியாக.

"ரெண்டுலயும் வலிதான் சார். மாத்தி மாத்தி வருது."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"கொஞ்ச நாளைக்கு வண்டியையே தொடக்கூடாதுன்னுட்டாரு. அதனாலதான் சார், அந்த டெஸ்ட் டிரைவை..."

அவன் முடிப்பதற்குள் ஆசிரியர் போனில் இருந்தார். "ஆமாங்க, ரெண்டு கையிலயுமாம்... அப்படியா?... அடடே, ரொம்ப சந்தோஷம்." போனை வைத்துவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தார். "கார் கம்பெனிக்காரங்க குதிக்கிறாங்கய்யா. அவங்க ஸ்டீயரிங்குக்கு மணிக்கட்டே வேண்டாமாம், ரெண்டு விரல் போதுமாம். உங்களைக் கட்டோடயே வரச் சொன்னாங்க. கட்டுப் போட்ட கையோட ஓட்டுற மாதிரி போட்டோ எடுக்கணுமாம்."

புயல் தன் மேஜைக்குத் திரும்பி வந்து கட்டை அவிழ்த்தான். வலி உண்மையிலேயே வரும்போல இருந்தது.

புயல் என்பது அந்தக் கார்ப் பத்திரிகையில் அவனுடைய புனைபெயர். புதுக் கார்களை ஓட்டிப் பார்த்து விமர்சனம் எழுதுவது அவன் வேலை. வாசகர்கள் அவனைத் தெய்வமாகக் கொண்டாடினார்கள். அதில் இருந்த சிக்கல் ஒன்றே ஒன்றுதான். அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

அவன் யாரையும் ஏமாற்ற நினைத்தவன் அல்ல. பிழை திருத்தத்தான் அந்த ஆபீசுக்கு வந்தான். விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, ஆசிரியர் அவனிடம், "நாளைக்குள்ள ஒரு பக்கம் வேணும்" என்றார். அவன் கம்பெனி விளம்பரத் தாளை எடுத்து, அதில் கொஞ்சம் உப்பும் காரமும் சேர்த்துப் பக்கத்தை நிரப்பினான். பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. உனக்கு ஓட்டத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. மீன் கடைக்காரனிடம் நீச்சல் தெரியுமா என்று யார் கேட்கிறார்கள்?

பிறகு கம்பெனிகள் வீட்டுக்கே கார் அனுப்பத் தொடங்கின. அவற்றை ஓட்டியது அவன் மனைவி. அவள் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். ஊர் முழுக்கக் காரில் அலைபவள். அவள் ஓட்டுவாள், இவன் பக்கத்தில் உட்கார்ந்து, "கைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பான். "லேசா இருக்கு" என்பாள். இவன் வீட்டுக்குப் போய், "உள்ளங்கையில் உட்கார்ந்த பறவையைப்போல் ஸ்டீயரிங் சிலிர்த்தது" என்று எழுதுவான். குடும்பம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வினை, எலக்ட்ரானிக் ஸ்டீயரிங் வடிவில் வந்தது.

சாதாரணக் காரில் ஸ்டீயரிங்கை இவ்வளவு சுற்றினால் சக்கரம் இவ்வளவு திரும்பும் என்று ஒரு கணக்கு உண்டு. அது மாறாது. இந்தப் புதுக் காரில் அந்தக் கணக்கை ஒரு எலக்ட்ரானிக் மூளை போகிற போக்கில் மாற்றிக்கொண்டே இருக்கும். மெதுவாகப் போகும்போது லேசாகச் சுற்றினாலே சக்கரம் நிறையத் திரும்பும். வேகமாகப் போகும்போது அதே அளவு சுற்றினால் கொஞ்சம்தான் திரும்பும். பந்தயக்காரனைப்போல் விரட்டி ஓட்டுபவர்களுக்கு இது ஒத்து வருமா என்பதுதான் கேள்வி.

மனைவி ஓட்டிப் பார்த்துவிட்டு, "ம், நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஆனால் நல்லாத்தான் இருக்கு என்றால் பக்கம் நிறையாதே. புயல் யோசித்து யோசித்து இப்படி எழுதினான்:

"விரட்டி ஓட்டுபவனுக்கு முதலில் வேண்டியது நம்பிக்கை. இதில் அது இல்லை. என் மனைவி 'ம்' என்பாள். ஒரு நாள் அதற்குச் 'சரி' என்று பொருள். மறுநாள் அதே 'ம்'முக்கு 'வீட்டுக்கு வா, பேசிக்கொள்கிறேன்' என்று பொருள். எந்த 'ம்' என்று கண்டுபிடிப்பதற்குள் வளைவு முடிந்துவிடுகிறது. இந்த ஸ்டீயரிங்கும் அப்படித்தான்."

அந்த 'ம்' ஊரெல்லாம் பரவியது. கார் வாங்க வந்தவர்கள் ஷோரூமில், "இது அந்த 'ம்' ஸ்டீயரிங்தானே?" என்று கேட்டார்களாம். கம்பெனி கோபப்படவில்லை. அதைவிட மோசமாக, மரியாதையாக அழைத்தது. எங்கள் சோதனை ஓட்டப் பாதைக்கு வாருங்கள், அந்த ஸ்டீயரிங்கை வடிவமைத்த இன்ஜினீயரே பக்கத்தில் உட்காருவார், நீங்கள் விரட்டி ஓட்டிக் குறையைக் காட்டுங்கள் என்றது. அவர்களுடைய விளம்பரம் இல்லாமல் பத்திரிகையின் பின்னட்டை வெறிச்சென்று கிடக்கும் என்பதால், ஆசிரியர் அவனைக் கேட்காமலே சரி என்றுவிட்டார்.

கைக்கட்டை அவிழ்த்த அன்று மாலை மனைவி சாப்பாட்டு மேஜையில் பாலிசித் தாள்களைப் பரப்பிவைத்துக்கொண்டிருந்தாள். புயல் அவளுக்கு டீ போட்டுக் கொண்டுவந்தான். அவன் டீ போட்டால் விஷயம் பெரிது என்று அவளுக்குத் தெரியும்.

"நீதான் எப்படியாவது எனக்கு ஓட்டக் கத்துக்குடுக்கணும்."

"எங்கம்மா போன் பண்ணாங்க," என்றாள் அவள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "மாப்பிள்ளை உன்னைப் பத்திப் பத்திரிகையில எழுதியிருக்காராமேன்னாங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு. வாங்கிப் படிச்சேன்."

புயல் டீயை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினான்.

"அந்த 'ம்' யாரோடது?"

"அது ஒரு உவமைம்மா."

"நான் நல்லா இருக்குன்னுதானே சொன்னேன்? நீங்க எழுதினதால என் கிளையன்ட்டுங்க நான் 'ம்'னாலே சிரிக்கிறாங்க. ஒருத்தர், இது எந்த 'ம்' மேடம்னு கேக்கறாரு."

"தப்புதான். இந்த ஒரு தடவை காப்பாத்திடு. இல்லாட்டி என் வேலை போயிடும். நீ பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுத்தா..."

"பக்கத்துலயா? உங்களை நான் இன்ஷூர் கூடப் பண்ண மாட்டேன். எந்தக் கம்பெனியும் எடுக்காது."

"அப்போ நான் எங்கயாவது போய்க் கத்துக்கட்டுமா?"

"ம்," என்றாள் அவள்.

எந்த 'ம்' என்று அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் கைவலியைக் கைவிட்டு, ஆசிரியரிடம் புதுச் சாக்கு ஒன்றோடு போனான். "சார், யோசிச்சுப் பார்த்தேன். வெயில்ல காய்ஞ்ச ரோட்டுல எந்த ஸ்டீயரிங்கும் நல்லாத்தான் இருக்கும். ஈர ரோட்டுலதான் குணம் தெரியும். மழைக்காலம் வரட்டுமே."

ஆசிரியர் அவனை நெகிழ்ந்து பார்த்தார். "இதுக்குத்தான்யா உங்களைப் புயல்ங்கிறது," என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். கம்பெனியும் நெகிழ்ந்துவிட்டது. லாரி லாரியாகத் தண்ணீர் கொண்டுவந்து பாதை முழுவதையும் நனைத்துவைப்பதாகச் சொன்னார்கள்.

ஆக, ஓட்டத் தெரியாதவன் இனி வழுக்குகிற ரோட்டில் ஓட்ட வேண்டும். அன்றைக்கே புயல் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, பழகுநர் லைசென்சும் வாங்கினான். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தன்னைக் கணக்குப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டான்.

சொல்லிக்கொடுத்தது ஒரு பெண்மணி. எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள். நல்ல உயரம், நல்ல குரல். அவருடைய காருக்கு அவரைவிடக் கொஞ்சம்தான் வயது குறைவு. அதன் ஸ்டீயரிங் தொளதொளவென்று இருந்தது. கால் சுற்று சுற்றும்வரை சக்கரத்துக்குச் சேதியே போகாது.

"இது அரசாங்க ஆபீஸ் மாதிரி சார்," என்றார் மாஸ்டர். "ஒரு மனு குடுத்தா நடக்காது. குடுத்துக்கிட்டே இருக்கணும். சுத்துங்க. இன்னும் சுத்துங்க. கூச்சப்படாம சுத்துங்க."

புயல் சுற்றினான். ஒரு தெருமுனை திரும்புவதற்குள் முழங்கை இரண்டும் முகத்துக்கு எதிரே பின்னிக்கொண்டன. கார் ஒரு குப்பைத் தொட்டியை நலம் விசாரித்துவிட்டு நின்றது.

"பரவாயில்லை. நீங்க புயல் எழுதறதைப் படிக்கணும் சார். நான் ஒரு வரி விடாமப் படிப்பேன். மனுஷன் ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டே பிறந்திருப்பாரு."

புயல் உச்சி குளிர்ந்துபோய், பிரேக் என்று நினைத்து வேறு எதையோ மிதித்தான். நல்லவேளை, மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது.

"அவரு இப்படி மிதிப்பாரா?" என்றார் மாஸ்டர் வருத்தத்தோடு.

பாடம் தொடர்ந்தது. நாளாக ஆக, புயலுக்கு ஒன்று மட்டும் ரத்தத்தில் ஊறியது: வளைவு வந்தால் ஸ்டீயரிங்கை இரண்டு முழுச் சுற்று, ஈவு இரக்கமில்லாமல் சுற்ற வேண்டும். கடைசி வகுப்பில் மாஸ்டர், "இப்பதான் சார் கையில உயிர் வந்திருக்கு," என்று முதுகில் தட்டினார்.

சோதனை நாள் வந்தது. மனைவி அவனை ஓட்டப் பாதையின் வாசலில் இறக்கிவிட்டு, "பாத்து," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளையன்ட்டைப் பார்க்கப் போனாள். தண்ணீர் லாரிகள் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தன. கறுப்புப் பாதை கண்ணாடியைப்போல் மின்னியது. கம்பெனி அதிகாரி, போட்டோகிராபர், ஆசிரியர் மூவரும் வேலிக்கு அப்பால் குடையோடு நின்றார்கள். சிவப்புக் கார் காத்திருந்தது. அதன் பக்கத்தில் ஒல்லியான ஒரு மனிதர், சட்டைப் பையில் நாலு பேனாவோடு வியர்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் இன்ஜினீயர்.

"உங்க கட்டுரையைப் படிச்சேன் சார். நாலு நாள் தூங்கலை," என்றார் இன்ஜினீயர் கைகூப்பி.

நானும்தான் என்று சொல்ல வந்து புயல் அடக்கிக்கொண்டான். அப்போது அவனுக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது.

"முதல்ல நீங்க ஒரு ரவுண்டு ஓட்டுங்க சார். உங்க குழந்தை இல்லையா? நான் பக்கத்துல உக்காந்து கவனிக்கிறேன்."

இன்ஜினீயர் ஓரடி பின்வாங்கினார். "ஐயையோ, நீங்க இருக்கும்போது நானா? நீங்கதான் ஓட்டணும்."

"பெத்தவங்க தூக்கிக் காட்டுறதுதானே முறை?"

"விருந்தாளி கையில குடுக்கறதுதான் மரியாதை."

"நான் மரியாதையே பார்க்கறதில்லை சார்."

"நான் ரொம்பப் பார்ப்பேன் சார்."

டிரைவர் பக்கத்துக் கதவை இருவரும் ஒருவருக்காக ஒருவர் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இத்தனை உபசாரம் நடந்திராது. பொறுமை இழந்த அதிகாரி வேலியிலிருந்து, "புயல் சாரே ஓட்டட்டும்" என்று குரல் கொடுத்தார். புயல் உள்ளே ஏறி உட்கார்ந்தான். கியர் போடத் தேவையில்லாத வண்டி என்பது ஒன்றுதான் அன்று அவனுக்குக் கிடைத்த வரம்.

கார் மெல்ல நகர்ந்தது. பிறகு டவுன் பஸ் வேகத்தைப் பிடித்தது. முதல் வளைவு வந்தது. புயல் பயிற்சியை நினைத்துக்கொண்டான். மனு கொடுப்பதுபோல் ஸ்டீயரிங்கை விடாமல் சுற்றினான். ஒரு சுற்றுக்கூட முடிந்திருக்காது.

அந்த ஸ்டீயரிங்கோ, வாய் திறப்பதற்கு முன்பே வேலையை முடித்துக் கொடுக்கும் ஜாதி. ஈரத்தில் கார் பம்பரமாக ஒன்றரை சுற்று சுற்றி, வந்த வழியைப் பார்த்தபடி நின்றது. வைப்பர் மட்டும் தானாக ஒரு முறை ஆடி ஓய்ந்தது.

இன்ஜினீயர் இரண்டு கைகளாலும் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்களை இறுக மூடியிருந்தார். வேலிக்கு அப்பால் ஆசிரியர் கைதட்டினார். அதிகாரியும் தட்டினார். "புயல்னா சும்மாவா," என்று யாரோ சொல்வது கேட்டது.

"வேணும்னேதானே சார் பண்ணீங்க?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார் இன்ஜினீயர்.

"பின்ன?"

"இத்தனை பேர் ஓட்டிப் பார்த்தாங்க. ஒருத்தரும் எனக்கு இதைக் காட்டலை. மெதுவா போகும்போது இது இவ்வளவு கூர்மையா இருக்கக் கூடாது. நீங்க எழுதினதுதான் சரி."

"இன்னொரு ரவுண்டு போலாம்," என்றான் புயல். இதிலிருந்து எப்படித் தப்புவது என்று யோசிக்க அவனுக்கு நேரம் வேண்டியிருந்தது.

இந்த முறை கை நடுங்கியது. நடுங்கின கைக்குச் சுற்றுவதற்குத் தெம்பில்லை. வளைவில் அவன் ஸ்டீயரிங்கை லேசாகத்தான் அசைத்தான். கார் நூல் பிடித்தாற்போல் திரும்பியது. அடுத்த வளைவிலும் அசைத்தான். அதிலும் திரும்பியது. நேர்ப்பாதையில் கால் தானாக அழுந்தி வேகம் கூடியபோது, ஸ்டீயரிங் நிதானமாகிவிட்டதை அவன் உணர்ந்தான். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த நடுக்கம் சக்கரம்வரை போகவில்லை. நடுவில் யாரோ ஒரு நல்ல மனிதர் நின்று, 'இதெல்லாம் வெளியே தெரிய வேண்டாம்' என்று தடுத்து வைத்துக்கொண்டதுபோல் இருந்தது.

இத்தனை வருடத்தில் அவனுக்குச் சொந்தமாக ஒரு கருத்து தோன்றியது அதுதான் முதல் தடவை.

காரை நிறுத்தியதும், "சார், நான் எழுதினது தப்பு. இது விரட்டி ஓட்டுறவங்களுக்கு ரொம்ப நல்லது," என்றான்.

இன்ஜினீயர் தலையை ஆட்டினார். "என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க. இது அவங்களுக்கு ஆகாது சார். கணக்கு மாறிக்கிட்டே இருந்தா கை எதை நம்பும்? நீங்களே எழுதியிருக்கீங்க."

"எழுதினவனே சொல்றேன், அதை நம்பாதீங்க."

"ஒன்றரை சுத்து சுத்திக் காட்டினப்புறம் எப்படி சார் நம்பாம இருக்கறது? நாளைக்கே மேனேஜ்மென்ட்ல சொல்லி இதை எடுத்துடப் போறேன். பழைய ஸ்டீயரிங்கே போதும்."

"வேண்டாம் சார். பழைய ஸ்டீயரிங் ரொம்பக் கொடுமை. எனக்குத் தெரியும்."

குறை சொல்ல வந்தவன் கெஞ்சினான். காக்க வந்தவர் குறை சொன்னார். தன்னுடைய ஒரு 'ம்'மால் ஒரு நல்ல மனிதரின் பல வருட உழைப்பு குப்பைக்குப் போகப்போகிறதே என்று புயலுக்கு மனசாட்சி குத்தியது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவுகட்டி, "சார், ஒரு விஷயம், நான் வந்து..." என்று ஆரம்பித்தான்.

கதவு திறந்தது. கம்பெனி அதிகாரி முகமெல்லாம் பல்லாகச் சாவியை அவன் கையில் வைத்து அழுத்தினார்.

"பிரமாதம் சார். வண்டியை நீங்களே வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ஒரு வாரம் ஊருக்குள்ள ஓட்டிப் பார்த்துட்டு எழுதுங்க. வாசல்ல கேட்டைத் திறந்துவிடச் சொல்லியாச்சு."

ஊருக்குள். தனியாக. புயல் முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனான். கழுவும் அறைக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு இருந்தது. சாவியைக் குழாய்மேல் வைத்துவிட்டு, அந்தக் கதவு வழியாக வெளியேறி, திரும்பிப் பார்க்காமல் மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றான். மூச்சு வாங்கியது.

சற்று நேரத்தில் அதே வழியாக, தலையைக் குனிந்துகொண்டு இன்ஜினீயர் வந்தார். அவனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்க... பஸ்லயா?" என்றார்.

"அப்பப்ப மக்களோட மக்களாப் போய்ப் பார்க்கணும் சார். எழுதறவனுக்கு அது வேணும்," என்றான் புயல். "நீங்க?"

"வண்டி சர்வீஸ்ல இருக்கு."

இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். பஸ் வந்தது. ஏறி ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். புயலுக்கு மறுபடியும் மனசாட்சி குத்தியது. "அந்த ஸ்டீயரிங்கை எடுத்துடாதீங்க சார்," என்றான் மெதுவாக. "உங்களுக்கு இருக்கிற அனுபவத்துக்கு அது சாதாரணமாத் தெரியலாம்."

"உங்க அனுபவத்துக்கு முன்னாடி நான் எம்மாத்திரம் சார்," என்றார் இன்ஜினீயர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

கண்டக்டர் வந்தார். புயல் டிக்கெட் வாங்கினான். இன்ஜினீயர் பையிலிருந்து ஓரம் தேய்ந்த பஸ் பாஸை எடுத்துப் பாதி மட்டும் காட்டினார். கண்டக்டர் அதைப் பார்க்கவே இல்லை. அவருடைய தோளைச் செல்லமாகத் தட்டிக் கேட்டார்:

"என்ன சார், இந்தத் தடவையாவது டிரைவிங் டெஸ்ட்ல பாஸ் பண்ணீங்களா, இல்ல வழக்கம்போல முதல் வளைவுலயே ஊத்திக்கிச்சா?"